போ-வா, பௌ-வா? ஆங்கிலத்தில் வில்லும் வணக்கமும்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் ஒரு மாடி அறையில் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நர்சிங் படிக்கும் பெண்கள், வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கும் தம்பிகள், தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் விசைப்படகுத் தொழிலாளி ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். இவர்கள் எல்லோரும் ஏதாவது ஒருநாள் வந்து முட்டிக்கொள்ளும் ஒரு சொல் உண்டு. பி, ஓ, டபிள்யூ என்று மூன்றே எழுத்து. ஓரிடத்தில் அதை 'போ' என்று படிக்க வேண்டும், அப்போது அது வில். இன்னோரிடத்தில் 'பௌ' என்று படிக்க வேண்டும், அப்போது அது தலை வணங்குவது. எழுத்தில் ஒரு புள்ளி வித்தியாசம்கூடக் கிடையாது.

என்னிடம் படிக்கும் நர்சிங் பெண் ஒருத்தி, தான் படிக்கும் இடத்தில் வளைந்த கால்களைப் பற்றிய ஒரு பத்தியை உரக்கப் படித்திருக்கிறாள். 'போட் லெக்ஸ்' என்று வர வேண்டியதை 'பௌட் லெக்ஸ்' என்று படித்ததும் வகுப்பு முழுக்கச் சிரித்துவிட்டது. அதன்பின் ஒரு வாரம் அவள் எங்கேயும் வாய் திறந்து ஆங்கிலம் படிக்கவில்லை. அவளுக்காக நான் உட்கார்ந்து எழுதிவைத்த குறிப்புதான் இது. புதிதாக ஆங்கிலம் படிக்க வரும் யாருக்கும் பயன்படும் என்பதால் விரித்து எழுதுகிறேன்.

முதலில், பயம் போக வேண்டும்

ஒரே எழுத்தை இரண்டு விதமாகப் படிப்பது நமக்குப் புதிய வித்தை ஒன்றும் இல்லை. 'கண்டம்' என்று எழுதிப் பாருங்கள். ஆசியா ஒரு கண்டம். 'இந்தப் பையனுக்கு ஏழு வயதில் தண்ணீரில் கண்டம்' என்று ஜோசியர் சொன்னால் அது வேறு. அதை நாம் 'க'வை அழுத்தி, கிட்டத்தட்ட 'கெண்டம்' என்றே சொல்கிறோம். தீப்பந்தத்தில் வரும் பந்தமும் சொந்தபந்தத்தில் வரும் பந்தமும் எழுத்தில் ஒன்று, வாயில் வேறு. பாவம் செய்தவன் என்பதில் உள்ள பாவமும், நாட்டியக்காரியின் முகத்தில் தெரியும் பாவமும் அப்படித்தான். நீங்கள் இவற்றில் ஒன்றையாவது நிறுத்தி யோசித்துப் படித்ததுண்டா? பக்கத்தில் இருக்கும் சொல்லே எப்படிப் படிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அதே வேலையைத்தான் செய்யப் போகிறோம்.

மலையாளம் வழியாகப் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு சொல். உங்கள் எழுத்தில் தீப்பந்தத்துக்கு ஒரு 'ப', உறவுப் பந்தத்துக்கு வேறொரு 'ப' இருக்கிறது. ஒலிக்கு ஒரு எழுத்து என்று பழகிவிட்டதால் ஆங்கிலம் உங்களை இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குழப்பும். அது உங்கள் அறிவுக் குறைவு இல்லை. பழகிய எழுத்து கொடுத்த எதிர்பார்ப்பு.

வாயைச் சரிசெய்துகொள்ளுங்கள்

இரண்டிலும் வரும் 'ப', 'பஸ்' என்பதில் வருகிற 'ப'. 'போய் வா' என்பதில் வருகிற 'ப' இல்லை. தொண்டையில் கை வைத்தால் அதிர வேண்டும்.

'போ' சொல்லும்போது உதடு முதலிலேயே குவிந்திருக்கும், முடிவில் இன்னும் கொஞ்சம் குவியும். நம் ஓகாரத்தை அப்படியே போட்டாலும் புரியும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 'பௌ' சொல்லும்போதுதான் கவனம் தேவை. வாய் 'ஆ' என்று நன்றாகத் திறந்து, பிறகு 'உ' என்று மூட வேண்டும். பலர் வாயைத் திறக்காமலே சொல்லி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பசுவுக்கான ஆங்கிலச் சொல்லை முதலில் சொல்லுங்கள்: கௌ. உடனே, அதே வாயோடு, பௌ. கௌ, பௌ, கௌ, பௌ என்று பத்து தடவை. பிறகு 'கோ, போ'. போதும்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

இந்தச் சொல் பக்கத்தில் வந்தால், 'இங்கே வளைவது எது, அது மறுபடி நிமிருமா?' என்று கேளுங்கள்.

வளைந்து, பிறகு நிமிர்ந்தால் 'பௌ'. மேடையில் பாடி முடித்தவர் குனிந்து வணங்குகிறார், நிமிர்கிறார்: பௌ. ராஜாவுக்கு முன் தலை தாழ்த்துகிறார்கள்: பௌ. நெருக்குதலுக்குப் பணிந்து போவது, ஒரு போட்டியிலிருந்து மரியாதையாக விலகிக்கொள்வது, இவையும் பௌ. கடைசியில் சொன்னது 'பௌ அவுட்' என்று செய்தித்தாள் விளையாட்டுப் பக்கத்தில் அடிக்கடி வரும்.

வளைந்த வடிவத்திலேயே இருக்கும் பொருள் என்றால் 'போ'. அம்பு எய்யும் வில், வயலின் வாசிக்கும் வில், பெண்பிள்ளைகள் தலையில் ரிப்பனை இரண்டு வளையமாகக் கட்டும் முடிச்சு, கோட்டுக்குக் கட்டும் 'போ டை', வானவில், முழங்கை. அந்த நர்சிங் பெண் படித்த வளைந்த கால்களும் இதில்தான் சேரும். வைட்டமின் டி போதாமல் குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் நோயில் கால் எலும்பு வில் மாதிரி வளைந்துவிடுகிறது. கால் யாரையும் வணங்கவில்லை, வில்லின் உருவத்தில் இருக்கிறது. அதனால் போ.

இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "அப்ப வில்லுப்பாட்டுல உள்ள வில்லு?"

அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. எங்கள் பக்கத்தில் கொடை விழா என்றால் அம்மன் கோயிலிலும் மாடன் கோயிலிலும் வில்லுப்பாட்டு இருக்கும். ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான வில்லைக் குடத்தின்மேல் பொருத்தி, நாண் மேலே வரும்படி வைத்திருப்பார்கள். வில் தண்டில் வரிசையாக மணிகள் தொங்கும். புலவர் வந்து உட்கார்ந்ததும், நாணைத் தட்டும் வீசுகோலை எடுப்பதற்கு முன்னால் வில்லைத் தொட்டு வணங்குவார். அந்த ஒரு நொடியை மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் செய்வது பௌ, அவர் தொடுவது போ. அவர் நிமிர்ந்துவிடுவார். வில் ராத்திரி முழுக்க வளைந்தே இருக்கும்.

இரண்டும் எங்கிருந்து வந்தன

மனப்பாடம் செய்ததை மறந்துவிடலாம், காரணம் தெரிந்துகொண்டது மறக்காது. அதனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இவை எழுத்திலும் ஒலியிலும் வேறு வேறாக இருந்தன. வில்லுக்கு 'பொகா', வளைவதற்கு 'பூகன்'. இரண்டுமே வளைதல் என்ற ஒரே வேரில் பிறந்த அக்கா தங்கை. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் வில்லை 'போகன்' என்றுதான் சொல்கிறார்கள். நடுவில் இருக்கும் அந்த 'க'வைக் கவனியுங்கள். 'பகல்' என்று சொல்லும்போது நம் தொண்டையில் உரசிக்கொண்டு வருமே, ஏறக்குறைய அந்த மாதிரி மெல்லிய 'க'. நாம் வேகமாகப் பேசும்போது பகல் 'பஹல்' ஆகிவிடுவதுபோல, அவர்கள் வாயிலும் அது கரைந்து, 'வ' மாதிரி ஆகி, கடைசியில் டபிள்யூ எழுத்தாக நின்றுவிட்டது. ஆக இரண்டு சொல்லிலும் 'க' போய்விட்டது. மிஞ்சியது உயிரெழுத்து மட்டும்: ஒன்றில் ஒகரம், மற்றதில் ஊகாரம்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு பிரெஞ்சு முறையில் எழுதப் பழகிய எழுத்தர்கள், 'ஊ' என்ற ஒலியை ஓ, யூ என்றோ ஓ, டபிள்யூ என்றோ இரண்டு எழுத்தால் எழுத ஆரம்பித்தார்கள். அங்கேதான் ஒகரச் சொல்லும் ஊகாரச் சொல்லும் ஒரே உடையைப் போட்டுக்கொண்டன. ஆனால் வாயில் அப்போதும் வேறுதான்.

அப்புறம், சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம் மாறின. பழைய 'ஊ' படிப்படியாக 'ஔ' ஆனது. 'கூ' என்ற பசு 'கௌ' ஆனது. 'ஹூஸ்' என்ற வீடு 'ஹௌஸ்' ஆனது. 'மூஸ்' என்ற எலி 'மௌஸ்' ஆனது. 'டூன்' இன்றைய 'டௌன்'. ஸ்காட்லாந்தின் பேச்சில் இன்றைக்கும் 'ஹூஸ்', 'கூ' என்ற பழைய ஒலி கேட்கும். எல்லைப் பக்கத்து ஊர்களில் பழைய சொல் தங்கிப்போவது நமக்குத் தெரிந்ததுதானே. இந்த அலையில் 'பூகன்' வழிவந்த சொல்லும் 'பௌ' ஆகிவிட்டது. வில்லின் ஒகரம் இந்த அலையில் சிக்காமல் 'போ' என்று தங்கியது. இதற்கு நடுவே 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு வந்தபின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது, ஒலி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நாம் இன்று தடுமாறுவது அந்த இடைவெளியில்தான்.

வளைவதும் வணங்குவதும் ஒரே சொல்லாக இருப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. தமிழிலும் அப்படியே. 'வணங்கு' என்றால் கும்பிடு என்று மட்டும் பொருள் இல்லை, வளை என்றும் பொருள். வள்ளுவர் 827ஆம் குறளில் 'வில்வணக்கம்' என்ற ஒரு சொல்லை வைத்திருக்கிறார். வில் வளைவது பணிவினால் இல்லை, அம்பு எய்து தீங்கு செய்வதற்காகத்தான். அதனால் பகைவனின் சொல்லில் தெரியும் வணக்கத்தை நம்பி ஏற்றுக்கொள்ளாதே என்கிறார். 'வில்வணக்கம்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: 'த போஸ் பௌ'. நம் இரண்டு ஒலியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். என் வகுப்பில் இந்த இரண்டு சொல்லைப் பலகையில் எழுதிவைத்த பிறகு, யாரும் மாற்றிப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

முழங்கையும் மழைவில்லும்

'போ' குடும்பத்தில் இரண்டு சொற்களை நின்று பார்க்க வேண்டும்.

முழங்கைக்கு ஆங்கிலத்தில் 'எல்போ'. முதலில் வரும் 'எல்' ஒரு பழைய அளவு, அதற்கு முன்கை என்றே அர்த்தம். முன்கை வளையும் இடம் எல்போ. இப்போது நம் சொல்லைப் பாருங்கள். சந்தையில் பூக்காரம்மா சரத்தை முழங்கையில் வைத்து நடுவிரல் நுனி வரை இழுத்து ஒரு முழம் போடுவார். அந்த முழம் இருக்கும் கை முழங்கை. எங்கோ இருக்கும் இரண்டு மொழி, ஒரே உறுப்பை ஒரே அளவுகோலாக்கி, அந்த அளவின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் பின்னாளில் துணி அளக்கும் 'எல்' 45 அங்குலம் என்று நீண்டுவிட்டது, நம் முழம் அப்படியே இருக்கிறது.

அடுத்தது 'ரெயின்போ'. ரெயின் என்றால் மழை, போ என்றால் வில். தமிழில் நாம் வானவில் என்கிறோம். மலையாளத்தில் மழவில்லு. ஆங்கிலச் சொல்லை அப்படியே பிரித்து வைத்தது மாதிரி இருக்கிறது! கேரளப் பக்கம் பாறசாலையைத் தாண்டினால் இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மழவில்லும் தெரியும், வானவில்லும் தெரியும். இந்த இரண்டு மொழி வீட்டுச் சொத்தை ஆங்கில வகுப்புக்கு வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

வயலின் வில்லுக்கு அந்தப் பெயர் வந்ததும் உருவத்தால்தான். பழைய காலத்தில் அது உண்மையிலேயே வேட்டை வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவையில் தஞ்சை வடிவேலு வயலின் வாசித்த நாட்டில் இருக்கிறோம், அதனால் இதையும் சொல்லிவைக்கிறேன். வயலின்காரர்கள் 'போயிங்' என்று சொன்னால் அது வில் போடும் முறை.

படகுக்காரர் கேட்ட கேள்வி

மேலே சொன்ன கேள்விக்கு அடங்காத ஒன்று பாக்கி இருக்கிறது. அதை என்னிடம் கொண்டுவந்தவர் தூத்தூர்க்காரர். ஆழ்கடலில் தங்கல் போடும்போது பெரிய சரக்குக் கப்பல் எதிரே வந்தால், விஎச்எஃப் ரேடியோவில் ஆங்கிலத்தில் பேச்சு வரும். "கிராஸிங் யுவர் பௌ என்கிறான் சாரே. நமக்கு வணக்கமா சொல்லுகான்?" என்று கேட்டார்.

அது வணக்கம் இல்லை, அணியம். படகின் முன்தலை. 'உன் அணியத்துக்கு முன்னால் குறுக்கே போகிறேன்' என்பதுதான் அந்தப் பேச்சு. உயிர் சம்பந்தப்பட்ட சொல் என்பதால், கடலுக்குப் போகிறவர்கள் இதை முதலில் படியுங்கள். கப்பலின் முன்பக்கம் பௌ, பின்பக்கம் ஸ்டெர்ன்.

இந்தப் பௌ வேறு வேரில் பிறந்தது. வடகடல் மாலுமிகளின் மொழிகளில் 'தோள்' என்று பொருள்பட்ட சொல் கப்பலுக்கு ஏறி ஆங்கிலத்துக்கு வந்தது. கப்பலின் முன்பக்கம் இரண்டு தோள் மாதிரி விரிந்து வருவதைப் பார்த்தால் பெயர் பொருத்தம் தெரியும். மரக்கிளைக்கு ஆங்கிலத்தில் 'பௌ' என்று வேறு எழுத்தில் ஒரு சொல் உண்டே, அதுவும் இதுவும் ஒரே வேர், கிளை மரத்தின் கை. இன்னும் பின்னே போனால் சமஸ்கிருதத்தில் கையைக் குறிக்கும் 'பாஹு' இதன் தூரத்து உறவு. அது தமிழுக்கு வந்து 'வாகு' ஆனது. முருகனின் படைத்தலைவர் வீரவாகுவின் பெயரில் இருப்பது அதுதான். கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டு 'கட்டமரான்' ஆக்கியது, அவர்களுடைய கடற்சொல்லில் நமக்குத் தெரிந்த தோள் ஒன்று ஒளிந்திருக்கிறது.

வேர் எதுவானாலும் நினைவில் வைக்க ஒரு வழி: அலையில் ஏறி இறங்கும்போது அணியம் தலை குனிந்து நிமிர்கிறது. அதனால் பௌ. இது நினைவுக்கான கொக்கி மட்டும், சொல்லின் வரலாறு மேலே சொன்னதுதான்.

ஒரு விதிவிலக்கு. கயிற்றில் கண்ணி போடும் 'போலின்' முடிச்சும், பாய்க்கப்பலின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் 'போஸ்பிரிட்' கம்பமும் கப்பல் சம்பந்தப்பட்டவையாக இருந்தும் பெரும்பாலும் ஓகாரத்தில்தான் ஒலிக்கும். இவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

வாக்கியத்தில் அர்த்தம் உடனே பிடிபடாவிட்டால் அக்கம்பக்கம் பார்க்க வேண்டும். அம்பு, நாண், ரிப்பன், டை, வயலின், கால் என்று ஏதாவது தென்பட்டால் போ. தலை, ராஜா, மேடை, கைதட்டல், கப்பல் என்றால் பௌ. சொல்லுக்குப் பின்னால் 'டு', 'டௌன்', 'அவுட்' வந்தால் பெரும்பாலும் பௌ. முன்னால் வேறொரு சொல் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டால், எல்போ, ரெயின்போ, லாங்போ மாதிரி, போ. 'டேக் எ பௌ' என்பதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். முன்னால் 'எ' வருவதால் பொருளின் பெயர் என்று நினைத்து போ என்று படித்துவிடுவோம். அது மேடையில் நின்று பாராட்டை ஏற்று வணங்குவது. வினைச்சொல்லா பெயர்ச்சொல்லா என்று பார்க்கும் இலக்கண வழி இங்கே கைகொடுக்காது. வளைந்து நிமிர்கிறதா என்ற கேள்விதான் கைகொடுக்கும்.

இதே பூட்டுக்கு இன்னும் இரண்டு கதவு

இவ்வளவு கற்றபின் இரண்டு சொல் இனாமாகக் கிடைக்கும். எஸ், ஓ, டபிள்யூ: விதைப்பது 'சோ', பெண் பன்றி 'சௌ'. பழைய ஆங்கிலத்தில் பன்றி 'சூ' என்று ஊகாரத்தில் இருந்தது, அதே அலையில் சௌ ஆனது. விதைப்பதில் ஊகாரம் இல்லை, அது ஓகாரத்தில் நின்றது. ஆர், ஓ, டபிள்யூ: வரிசை 'ரோ', துடுப்பு வலிப்பதும் 'ரோ'. சண்டை, ரகளை என்றால் 'ரௌ'. இது 18ஆம் நூற்றாண்டில் பேச்சுவழக்காக நுழைந்த சொல், செய்தித்தாள் தலைப்பில் நிறைய வரும்.

தினம் பத்து நிமிடம்

அகராதியை எடுத்து இந்தச் சொல்லைத் தேடுங்கள். நல்ல அகராதியில் இது ஒரே இடத்தில் இருக்காது. மேலே 1, 2, 3 என்று சிறிய எண் போட்டுத் தனித்தனியாக இருக்கும். எண் மாறினால் வேர் மாறுகிறது அல்லது ஒலி மாறுகிறது என்று அர்த்தம். போனில் பார்க்கிறவர்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொட்டுக் கேளுங்கள். மேலே இருப்பதை மட்டும் கேட்டுவிட்டு மூடிவிடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு.

பிறகு இந்த வாக்கியத்தை உரக்கப் படியுங்கள்: 'த ஆர்ச்சர் மேட் எ பௌ, பிக்ட் அப் ஹிஸ் போ, அண்ட் வாக்ட் டு த பௌ ஆஃப் த போட்.' வில்லாளி வணங்கினான், வில்லை எடுத்தான், படகின் அணியத்துக்கு நடந்தான். 'பௌ' வரும்போது உண்மையாகவே தலையைக் குனிந்து நிமிருங்கள். 'போ' வரும்போது இடது கையால் வில் பிடிப்பதுபோல முன்னால் நீட்டுங்கள். பெரியவர்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. உடம்பு செய்ததை நாக்கு மறக்காது.

அந்த நர்சிங் பெண் இதை நாலு நாள் செய்தாள். ஐந்தாம் நாள் ரிக்கெட்ஸ் பத்தியை என் முன்னால் எடுத்துப் படித்தாள். 'போட் லெக்ஸ்' என்ற இடம் வந்ததும் அவள் இடது கை தானாக அரை அடி முன்னே நீண்டது.